தாய்லாந்தில் வெள்ளம் வந்தால் மதுரையில் ஹார்ட் டிஸ்க் விலை ஏறுவது ஏன்?

2011-ம் ஆண்டு அக்டோபர் மாதம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவாகி, மதுரையில் ஒரு கடையில் அசெம்பிள்டு சிஸ்டத்துக்கு அப்பா கொட்டேஷன் வாங்கி வந்திருந்தார். பிராசசர், மதர்போர்டு, 2 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், கேபினட், மானிட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை. அந்தத் தாளைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து நாள் முழுக்கப் படித்தேன். ஹார்ட் டிஸ்க் 1,950 ரூபாய் என்று போட்டிருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது.

தீபாவளி போனஸ் கைக்கு வந்து, பண்டிகையும் முடிந்த பிறகு பணத்தோடு போனோம். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு ஹார்ட் டிஸ்க் 4,200 ரூபாய் என்றார். அப்பா ஒரு மில்லில் கணக்கு எழுதுபவர். எண்கள் விஷயத்தில் எளிதில் சமாதானம் ஆகமாட்டார்.

"நீங்க எழுதிக் கொடுத்த விலைதானேங்க இது?"

"ஆமா சார், அப்ப அந்த விலை. இப்ப தாய்லாந்துல வெள்ளம். டிஸ்க்கே வரல."

"தாய்லாந்துல வெள்ளம் வந்தா மதுரையில எதுக்குங்க விலை ஏறணும்?"

கடைக்காரருக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தார். ஆனால் அதன் பிறகு அந்தக் கடைப் படியை அவர் மிதிக்கவே இல்லை.

பின்னாளில் நான் இன்ஜினியரிங் முடித்து, குடோன்களில் சரக்கு வருவதையும் போவதையும் கணக்கு வைக்கும் சாப்ட்வேர் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் வரும். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

அது என்ன சங்கிலி?

உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரை இன்ன கம்பெனி தயாரித்தது என்று சொல்கிறோம். மூடியைக் கழற்றிப் பார்த்தால் அந்தக் கம்பெனி சொந்தமாகத் தயாரித்தது உள்ளே மிகவும் குறைவு. பிராசசர் இன்டெல்லுடையதாகவோ ஏஎம்டியுடையதாகவோ இருக்கும். ராமில் உள்ள சிப்கள் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றில் ஒன்றினுடையவை. ஹார்ட் டிஸ்க் என்றால் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் அதைச் சுழற்றும் மோட்டார் இன்னொரு கம்பெனியிலிருந்து வந்திருக்கும். அந்த மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் வேறொரு இடத்திலிருந்து. மூலப்பொருளில் ஆரம்பித்து உங்கள் வீட்டு வாசல் வரை நீளும் இந்த வரிசைதான் சப்ளை செயின். இதைத் திட்டமிட்டு நடத்தும் வேலைக்கு 'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்ற பெயரை 1982-ல் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் கீத் ஆலிவர் என்ற நிர்வாக ஆலோசகர்.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர் வேல்யூ செயின். இது ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1985-ல் எழுதிய 'காம்பெடிட்டிவ் அட்வான்டேஜ்' என்ற புத்தகத்தில் வருவது. ஒரு கம்பெனிக்குள் நடக்கும் வேலைகளை அவர் படிப்படியாகப் பிரித்தார். சரக்கை உள்ளே கொண்டு வருவது, அதைப் பொருளாக மாற்றுவது, வெளியே அனுப்புவது, விற்பது, விற்றபின் சர்வீஸ் செய்வது. ஒவ்வொரு படியிலும் செலவு ஏறுகிறது. வாடிக்கையாளர் அதற்கெனக் கூடுதலாகக் காசு கொடுக்கத் தயாராக இருந்தால் மதிப்பும் ஏறுகிறது. போட்டியாளரைவிடக் குறைந்த செலவிலோ, அவரால் முடியாத விதத்திலோ செய்யும் படி எதுவோ, அங்கேதான் லாபம் ஒளிந்திருக்கிறது.

கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. டெல் கம்ப்யூட்டரின் கதையைப் படித்த பிறகுதான் தூக்கம் கலைந்தது.

தக்காளியும் பிராசசரும்

1984-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் டெல், 1,000 டாலர் முதலோடு கம்ப்யூட்டர் வியாபாரம் தொடங்கினார். அப்போது மற்ற கம்பெனிகள் எல்லாம் ஒரே வழியில்தான் விற்றன. பல ஆயிரம் கம்ப்யூட்டர்களை முன்கூட்டியே செய்து அடுக்கி, டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்பி, அவர் டீலருக்கு அனுப்பி, டீலர் கடை அலமாரியில் வைத்து விற்பார். டெல் நடுவிலிருந்த கடையையே எடுத்துவிட்டார். வாடிக்கையாளர் போனில் ஆர்டர் கொடுப்பார். என்ன பிராசசர், எவ்வளவு மெமரி என்று அவரே சொல்வார். அதன் பிறகுதான் மிஷின் தயாராகும். 1996-ல் இதே வியாபாரம் வெப்சைட்டுக்கும் வந்தது. சில மாதங்களிலேயே ஒரு நாளைக்கு 10 லட்சம் டாலருக்கு விற்பனை.

நடுவில் இருந்த கமிஷன் மிச்சமானதுதான் ரகசியம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதி, தக்காளி வியாபாரம்.

தக்காளிக் கடைக்காரரிடம் பத்து நாள் சரக்கு இருந்தால் அவர் பணக்காரர் அல்ல, கவலைக்காரர். கம்ப்யூட்டர் பாகங்களும் அப்படித்தான். இவை அழுகாது, விலை அழுகும். புது பிராசசர் வந்த அன்றே பழையதன் விலை இறங்கிவிடும். கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பாகத்தின் விலை 10,000 ரூபாய், வாரம் 1 சதவீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 நாள் குடோனில் கிடந்தால் ஏறத்தாழ 1,080 ரூபாய் போச்சு. 11 நாள் மட்டும் கிடந்தால் சுமார் 160 ரூபாய்தான் நஷ்டம். 900 ரூபாய்க்கும் மேல் வித்தியாசம்! கம்ப்யூட்டர் விற்பவருக்குக் கிடைக்கும் லாபமே நூற்றுக்குச் சில ரூபாய்தான் என்னும்போது, இந்த வித்தியாசம்தான் அவர் வாழ்வதா சாவதா என்பதைத் தீர்மானிக்கும்.

இந்த 11-ம் 80-ம் நானாகப் போட்ட எண்கள் அல்ல. 1998-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் மைக்கேல் டெல்லே தன் சரக்கு இருப்பையும் போட்டியாளரின் இருப்பையும் ஒப்பிடச் சொன்ன எண்கள். இன்டெல் புது சிப் வெளியிட்டால் தன்னால் 69 நாள் முந்திக்கொண்டு அதை விற்க முடியும் என்பது அவர் வாதம். போட்டியாளர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டுத்தானே புதியதற்கு வர வேண்டும்?

டெல் இந்தப் பாடத்தைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1989-ல் மெமரி சிப்களை வாங்கிக் குவித்தார்கள். 256 கிலோபிட் சிப்பிலிருந்து 1 மெகாபிட் சிப்புக்குச் சந்தை தாவியது. கையில் இருந்ததெல்லாம் பழைய சரக்கு. விலை சரிந்து பலத்த அடி. 'இனி சரக்கைக் குவிப்பதில்லை' என்ற பிடிவாதம் அந்த அடியில் பிறந்ததுதான்.

யார் பணத்தில் வியாபாரம்?

அடுத்த விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நீங்கள் ஆன்லைனில் ஆர்டர் செய்யும்போது கார்டில் பணம் கட்டிவிடுகிறீர்கள். டெல் கைக்குப் பணம் வந்துவிட்டது. பாகங்களை அனுப்பிய சப்ளையருக்கு டெல் எப்போது பணம் கொடுக்கும்? ஒரு மாதமோ அதற்கும் மேலோ கழித்து. ஆக, மிஷினை விற்ற பணம் முதலில் வருகிறது, வாங்கிய பாகங்களுக்கான பணம் பிறகு போகிறது. நடுவில் இருக்கும் நாட்களில் அந்தப் பணம் டெல்லிடம் சும்மா இருக்கிறது. வியாபாரம் பெருகப் பெருக மற்றவர்கள் வங்கியில் கடன் கேட்டு நின்றார்கள். டெல்லுக்கு வியாபாரம் பெருகினால் கையில் காசு கூடியது.

பாகங்களும் தொழிற்சாலைக்குள் குவிந்து கிடக்கவில்லை. ஆஸ்டின் நகரில் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே சப்ளையர்கள் குடோன் வைத்திருந்தார்கள். அடுத்த சில மணி நேரத்துக்கு என்ன வேண்டும் என்று தொழிற்சாலையிலிருந்து கம்ப்யூட்டர் மூலம் தகவல் போகும். அதை மட்டும் லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். அந்த லாரி உள்ளே நுழையும் வரை சரக்கு சப்ளையருடையது.

மானிட்டரை ஆஸ்டினுக்குக் கொண்டு வரவே இல்லை. மெக்சிகோவில் இருந்த சோனி தொழிற்சாலையிலிருந்து மானிட்டரை கூரியர் கம்பெனி எடுத்துக்கொள்ளும், ஆஸ்டினிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளும், வழியில் இரண்டையும் ஜோடி சேர்த்து வாடிக்கையாளர் வீட்டில் இறக்கும். மானிட்டர் பெட்டியை ஒருமுறை இறக்கி, அடுக்கி, மறுபடி ஏற்றும் கூலி மிச்சம்.

இதில் கொஞ்சம் கறாராகவும் சொல்ல வேண்டும். இதை ஏதோ மாயாஜாலம்போல மேனேஜ்மென்ட் புத்தகங்கள் கொண்டாடுகின்றன. சரக்கு மாயமாகிவிடவில்லை. டெல் குடோனில் இருக்க வேண்டியது சப்ளையர் குடோனில் இருந்தது, அவ்வளவுதான். விலை அழுகும் பயத்தில் ஒரு பங்கை அவர் தலையில் வைத்தார்கள். பெரிய வாடிக்கையாளர் என்பதால் அவரும் பொறுத்துக்கொண்டார்.

சரி, மற்றவர்கள் ஏன் காப்பியடிக்கவில்லை? கம்ப்யூட்டரைக் காப்பியடிப்பது சுலபம். எல்லோரும் வாங்குவது அதே இன்டெல், அதே விண்டோஸ். ஆனால் அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த காம்பேக்கைப் பாருங்கள். அதன் விற்பனை முழுவதும் டீலர்கள் கையில். நாளை முதல் நேரடியாக விற்கிறேன் என்றால் டீலர்கள் சும்மா இருப்பார்களா? நேரடி விற்பனை இல்லாமல் ஆர்டருக்குப் பிறகு தயாரிப்பது மட்டும் பயன் தராது. டீலர் கடையில் தேங்கும் சரக்கு தேங்கத்தான் செய்யும். ஒரு கண்ணியை மட்டும் மாற்ற முடியாது, சங்கிலியையே மாற்ற வேண்டும். காம்பேக் முயன்றது, தாமதமாக, அரைகுறையாக. 2001-ல் டெல் உலகில் அதிகக் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி ஆனது. 2002-ல் காம்பேக்கை ஹெச்பி வாங்கிவிட்டது.

கையில் சரக்கு இல்லாதவன் என்ன செய்வான்?

விலை இறங்கும் காலத்தில் கையில் சரக்கு இல்லாதது புத்திசாலித்தனம். சரக்கு வராத காலத்தில்?

2002-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் 29 துறைமுகங்கள் தொழிலாளர் தகராறில் 10 நாட்கள் மூடப்பட்டன. சில நாள் சரக்கு மட்டுமே கையிருப்பு வைத்திருக்கும் டெல்லுக்கு இது கழுத்தில் கத்தி. துறைமுகம் மூடப்படலாம் என்று மோப்பம் பிடித்ததுமே ஆசியாவிலிருந்து பாகங்களைக் கொண்டுவர சரக்கு விமானங்களை வாடகைக்குப் பேசி வைத்தது. மற்றவர்கள் விழித்துக்கொண்டபோது விமான வாடகை எகிறியிருந்தது. 1999-ல் தைவானில் பெரிய நிலநடுக்கம் வந்து மெமரி விலை ஏறியபோது வேறு தந்திரம். நேரடியாக விற்பவர் என்பதால் வெப்சைட்டில் விலையை அன்றன்றைக்கு மாற்ற முடியும். கையில் எந்தப் பாகம் இருக்கிறதோ அதற்குச் சலுகை கொடுத்து வாடிக்கையாளரை அந்தப் பக்கம் திருப்பினார்கள். அலமாரியில் அச்சடித்த விலையோடு உட்கார்ந்திருக்கும் பெட்டியால் இதைச் செய்ய முடியாது.

சங்கிலியின் பலம் நிரந்தரமும் இல்லை. 2000-களின் நடுவில் மக்கள் லேப்டாப் பக்கம் சாய்ந்தார்கள். லேப்டாப்பை வாங்குபவர் தூக்கிப் பார்க்க வேண்டும், கீபோர்டைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அதற்குக் கடை வேண்டும். லேப்டாப்பைச் செய்து தருவதோ தைவான் கம்பெனிகள் சீனாவில் நடத்தும் தொழிற்சாலைகள். அங்கே ஹெச்பியும் போகலாம், டெல்லும் போகலாம். ஆஸ்டின் சாமர்த்தியத்துக்கு அங்கே வேலை குறைவு. 2006-ல் ஹெச்பி முந்தியது. 2007-ல் மைக்கேல் டெல் மீண்டும் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதே ஆண்டு வால்மார்ட் கடைகளில் டெல் பெட்டிகள் ஏறின. எந்தக் கடையை எடுத்துவிட்டு வளர்ந்தாரோ அதே கடைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. நம் ஊர் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் டெல் தொழிற்சாலை தொடங்கியதும் 2007-ல்தான். விற்கும் நாட்டிலேயே அசெம்பிள் செய்வது என்ற கணக்கு.

இப்போது தாய்லாந்துக்கு வருவோம்

2011 அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா பகுதியில் இருந்த தொழிற்பேட்டைகள் நீரில் மூழ்கின. ஹார்ட் டிஸ்க் தயாரிப்பில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த நாடு அது. பாங் பா-இன் என்ற இடத்தில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலைக்குள் தண்ணீர். நீரில் முங்கும் ஆட்களை இறக்கித்தான் சில இயந்திரங்களை வெளியே எடுத்தார்கள். டிஸ்க்கைச் சுழற்றும் மோட்டாரைச் செய்யும் ஜப்பானின் நிடெக் கம்பெனியின் தொழிற்சாலைகளும் பாதிக்கப்பட்டன. மோட்டார் இல்லாமல் டிஸ்க் இல்லை. ஆகவே வெள்ளம் புகாத தொழிற்சாலைகளும் முழு வேகத்தில் ஓட முடியவில்லை. சீகேட்டின் சொந்தத் தொழிற்சாலைகள் நனையாததால் அந்தக் காலாண்டில் அது வெஸ்டர்ன் டிஜிட்டலை முந்தி முதலிடத்துக்கு வந்தது. தொழிற்சாலை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட போட்டியில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது பாருங்கள்.

இருக்கும் கொஞ்ச டிஸ்க்கில் பெரிய கம்பெனிகள் முன்பே போட்ட ஒப்பந்தத்தின்படி தங்கள் பங்கை வாங்கிக்கொண்டன. மிஞ்சியதற்குத்தான் சில்லறைச் சந்தையில் அடிபிடி. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்தவர் மதுரைக் கடைக்காரர். 2025-ன் இறுதியில் செயற்கை அறிவு டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்கள் அள்ளிக்கொண்டு போகப்பட்டு ராம் விலை ஏறியபோதும் முதலில் அடிபட்டவர்கள் இப்படிப்பட்ட சிறு கடைக்காரர்களும், நம்மைப்போல் ஒன்றிரண்டு வாங்குபவர்களும்தான்.

எனவே கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது கொட்டேஷன் எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கேட்டு, அதைத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். விலை ஏறும் காலம் என்று தெரிந்தால் கொட்டேஷனோடு திரும்பாமல் அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பிராண்டட் மாடலுக்குத் திடீரென்று பெரிய தள்ளுபடி போட்டால் அது போன தலைமுறை பிராசசரா என்று பாருங்கள். இருந்தாலும் தப்பில்லை, டைப் அடிக்கவும் படம் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். விலை மட்டும் அதற்கேற்ப இறங்கியிருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் என்றால் மேலே உள்ள சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் வெப்சைட்டில் கொடுத்து வாரன்டி எதுவரை என்று பாருங்கள். நீண்ட நாள் குடோனில் கிடந்ததா என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

போன வருடம் மதுரை போனபோது அந்தக் கடைக்குப் போனேன். இப்போது பாதிக் கடை சிசிடிவி கேமரா. கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. 2011 வெள்ளத்தைப் பற்றிக் கேட்டதும் சட்டென்று உட்காரச் சொன்னார். அவர் கடையில் எப்போதுமே சரக்கு கிடையாதாம். ஆர்டர் வந்ததும் பையனை டிஸ்ட்ரிபியூட்டரிடம் அனுப்பி அன்றைய விலைக்கு வாங்கி மாட்டித் தருவதுதான் வழக்கம். மைக்கேல் டெல் பெயரைச் சொன்னேன், சிரித்தார். "எங்ககிட்ட முதல் கிடையாது தம்பி, அதனால சரக்கு வைக்கல. அவ்வளவுதான்." விலை இறங்கிக்கொண்டே இருந்த வருடங்களில் அந்த இல்லாமைதான் அவரைக் காப்பாற்றியது. 2011-ல் அதுவே கவிழ்த்தது. அந்த மாதம் பழைய விலைக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தவர்கள் ஆறு பேர். "கை நீட்டி காசு வாங்கிட்டோம். பழைய விலைக்கே கொடுத்தேன்."

அப்பா கொட்டேஷன் மட்டும்தான் வாங்கியிருந்தார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாய்லாந்து, மோட்டார், டெல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எத்தனை பேருக்குன்னு சொன்னாரு?" என்றார்.

"ஆறு பேருக்கு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "பதிமூவாயிரத்து ஐநூறு," என்றார். பிறகு செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை அந்தக் கடை தொறந்திருக்குமா? மவுஸ் ஒண்ணு மாத்தணும்," என்றார்.